வலைச் சேவைகளுக்கு அளவுரு அனுப்பும் முறைகளின் வரலாறு

உலாவியில் இயங்கும் நிரல், தொலைவிலுள்ள வழங்கியின் செயற்கூறு ஒன்றை அழைக்கும்போது அதனுடன் அனுப்பும் மதிப்புகள் அளவுருக்கள் எனப்படும். தமிழ்நாட்டில் பட்டா, சிட்டா விவரங்களை இணையத்தில் தேடிய எவரும் இந்த வேலையை அறியாமலே செய்திருப்பர். மாவட்டத்தைத் தேர்ந்தெடுத்தால் அதன் வட்டங்கள் அடுத்த பட்டியலில் வரும். வட்டத்தைத் தேர்ந்தெடுத்தால் கிராமங்கள் வரும். அதன்பின் பட்டா எண், அல்லது புல எண்ணும் உட்பிரிவு எண்ணும் கேட்கப்படும். ஒவ்வொரு தேர்வும் வழங்கிக்குப் போகும் ஓர் அளவுரு. வழங்கி திருப்பித் தரும் பட்டியலே அடுத்த தேர்வுக்கு எல்லை வகுக்கிறது.

திருப்பத்தூர் மாவட்டத்தில் ஜவ்வாது மலைமீதுள்ள நெல்லிவாசல்நாடு ஊராட்சியை இதற்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். அண்டையிலுள்ள புதூர்நாடு, புங்கம்பட்டுநாடு போலவே இதுவும் மலையாளிப் பழங்குடியினர் வாழும் பகுதி. மலையாளி என்பது இங்கு மலைவாழ் மக்களைக் குறிக்கும் பெயர். கேரளத்து மொழியினரை அன்று. இவர்கள் பேசுவது தமிழே. நாடு என்பதும் இங்கு பல சிற்றூர்களைச் சேர்த்த வட்டாரப் பிரிவைக் குறிக்கிறது. வட்டத் தலைநகரான திருப்பத்தூர் சமவெளியில் இருக்கிறது. இணையத்தில் கொடுத்த விவரம் வழங்கியிடம் சரியாகப் போய்ச் சேராவிட்டால், மலையிலிருந்து இறங்கி அலுவலகத்துக்குப் போவதைத் தவிர வேறு வழியில்லை. ஆகவே இந்தப் பெயர் உலாவியிலிருந்து வழங்கிக்கு எப்படிப் பயணம் செய்கிறது என்பது நிரலாளருக்கு மட்டும் உரிய கேள்வி அன்று.

படிவக் காலம்

வலையின் தொடக்க ஆண்டுகளில் வழங்கி ஆவணங்களை அனுப்பும் கிடங்காக மட்டுமே இருந்தது. 1993இல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த என்சிஎஸ்ஏ நிறுவனத்தில் சிஜிஐ என்னும் இடைமுகம் உருவானபின், வழங்கி ஒரு நிரலை ஓட்டி அதன் விடையையும் அனுப்ப முடிந்தது. 1995 நவம்பரில் வெளியான எச்டிஎம்எல் 2.0 வரையறை, படிவங்களையும் அவற்றில் நிரப்பியதை அனுப்பும் முறையையும் எழுத்தில் நிலைநிறுத்தியது. ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு பெயர், ஒரு மதிப்பு. பெயருக்கும் மதிப்புக்கும் நடுவில் சமக்குறி. இணைகளுக்கு நடுவில் ஆம்பர்சண்ட் குறி. அந்தச் சரத்தின் வடிவம் இப்படி இருக்கும்:

மாவட்டம்=திருப்பத்தூர்&வட்டம்=திருப்பத்தூர்&கிராமம்=நெல்லிவாசல்நாடு

கெட் முறையில் இச்சரம் முகவரியின் கேள்விக்குறிக்குப் பின் ஒட்டிக்கொள்ளும். போஸ்ட் முறையில் கோரிக்கையின் உடலுக்குள் போகும். முப்பது ஆண்டுகள் கடந்தும் இவ்வடிவம் மாறவில்லை. இன்றைய பெரும்பாலான படிவங்களும் இதையே அனுப்புகின்றன.

அன்றைய குறை வேறிடத்தில் இருந்தது. மாவட்டத்தைத் தேர்ந்து அனுப்பினால் பக்கம் முழுவதும் மறுபடியும் இறங்கவேண்டும். வட்டத்துக்கு இன்னொரு முறை, கிராமத்துக்கு மற்றொரு முறை. தொலைபேசிக் கம்பி வழி இணைய இணைப்பில் இது பொறுமையைச் சோதிக்கும் வேலை.

உலாவிக்குள் நிரல்

1995 மே மாதத்தில் நெட்ஸ்கேப் நிறுவனத்தின் பிரெண்டன் ஐக் பத்து நாட்களில் உருவாக்கிய மொழியே பின்னர் ஜாவாஸ்கிரிப்ட் எனப் பெயர் பெற்றது. படிவத்தில் எழுதியதை உலாவியிலேயே சரிபார்க்க அது உதவியது. ஆனால் பக்கத்தை மாற்றாமல் வழங்கியிடம் கேட்டறியும் வசதி அதில் தொடக்கத்தில் இல்லை. கண்ணுக்குத் தெரியாத சட்டகம் ஒன்றைப் பக்கத்துக்குள் வைத்து, அதை வேறு முகவரிக்கு அனுப்பி, வந்த விடையை எடுத்துக்கொள்ளும் தந்திரத்தை நிரலாளர்கள் கையாண்டனர். மைக்ரோசாஃப்ட் 1998இல் ஜாவா குறுநிரலின் துணையோடு ‘ரிமோட் ஸ்கிரிப்டிங்’ என்ற வழியைத் தந்தது.

திருப்பம் மின்னஞ்சலிலிருந்து வந்தது. அவுட்லுக் மின்னஞ்சலை உலாவியில் காட்டும் மென்பொருளுக்காக அலெக்ஸ் ஹாப்மன் உள்ளிட்ட மைக்ரோசாஃப்ட் குழுவினர் செய்த எக்ஸ்எம்எல்எச்டிடிபி என்னும் கூறு, 1999 மார்ச்சில் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 5 உடன் வெளிவந்தது. பக்கம் அசையாமல் இருக்க, பின்னணியில் கோரிக்கை போய் விடை வரும். பிற உலாவிகள் இதையே எக்ஸ்எம்எல்எச்டிடிபிரிக்வெஸ்ட் என்ற பெயரில் ஏற்றன.

அதே காலத்தில் வழங்கிப் பக்கத்தில் இன்னொரு கேள்வி எழுந்திருந்தது: வரும் சரத்தைப் பிரித்துப் பொருள்கொள்வதை ஒவ்வொரு நிரலாளரும் தம் போக்கில் செய்யாமல், தொலைவிலுள்ள செயற்கூற்றை உள்ளூர்ச் செயற்கூறு போலவே அழைக்க முடியாதா? 1998இல் டேவ் வைனரும் மைக்ரோசாஃப்ட் பொறியாளர்களும் இணைந்து இதற்கு வடிவம் தேடினர். எக்ஸ்எம்எல்-ஆர்பிசி, சோப் ஆகிய இரண்டும் இம்முயற்சியின் பிள்ளைகள். இரண்டுக்கும் உள்ள ஒரு வேறுபாடு இங்கு முக்கியமானது. எக்ஸ்எம்எல்-ஆர்பிசியில் அளவுருக்களுக்குப் பெயர் இல்லை, வரிசை மட்டுமே. முதலில் வருவது மாவட்டம், இரண்டாவது வட்டம் என்று இரு தரப்பும் முன்கூட்டியே அறிந்திருக்கவேண்டும். மாவட்டத்துக்கும் வட்டத்துக்கும் ஒரே பெயரான திருப்பத்தூரில், இரண்டும் இடம் மாறினால் பிழை நடந்ததே தெரியாது. சோப்பில் ஒவ்வோர் அளவுருவும் தன் பெயரைச் சுமந்த உறுப்பாக வருகிறது. 2000 மே மாதம் சோப் 1.1 உலகளாவிய வலைச் சங்கத்தின் குறிப்பாக வெளியானது.

வெப்மெத்தடும் பெயர்ப் பொருத்தமும்

2002இல் வெளியான டாட்நெட் சட்டகம், செயற்கூற்றின் தலைமேல் ‘வெப்மெத்தட்’ என்னும் ஒரே ஒரு பண்புக்குறியை வைத்தால் போதும், அது வலைச் சேவையாகிவிடும் என்றது. இந்திய அரசு அலுவலகங்களிலும் மென்பொருள் நிறுவனங்களிலும் இத்தொழில்நுட்பம் பரவலாயிற்று. ஆனால் சோப் உறையை உலாவி நிரலில் கையால் கட்டுவது சலிப்பான வேலை. ஒரு கிராமத்தின் பெயரை அனுப்ப அதைவிடப் பன்மடங்கு நீளமான உறை தேவைப்பட்டது.

2005 பிப்ரவரியில் ஜெஸ்ஸி ஜேம்ஸ் காரெட் தம் கட்டுரை ஒன்றில் இப்பின்னணிக் கோரிக்கை முறைக்கு ஏஜாக்ஸ் என்று பெயரிட்டார். ஜிமெயிலும் கூகுள் வரைபடமும் அதற்கு முன்பே அதைச் செய்துகாட்டியிருந்தன. பெயர்தான் பின்னால் வந்தது. டக்ளஸ் கிராக்ஃபோர்ட் பரப்பிய ஜேசான் வடிவம் எக்ஸ்எம்எல் உறையை உரித்துப்போட்டது:

{"மாவட்டம்": "திருப்பத்தூர்", "வட்டம்": "திருப்பத்தூர்", "கிராமம்": "நெல்லிவாசல்நாடு"}

2007 ஜனவரியில் வந்த ஏஎஸ்பி டாட்நெட் ஏஜாக்ஸ் 1.0, வெப்மெத்தட்களை ஜேசான் வழியே உலாவி நிரல் நேரடியாக அழைக்க வழிசெய்தது. வழங்கியிலுள்ள செயற்கூற்றின் அளவுருப் பெயரும் ஜேசானில் வரும் பெயரும் ஒத்துப்போகவேண்டும். பெயர் பொருந்தாவிட்டால் ‘அளவுருவுக்கு மதிப்பு இல்லை’ என்ற பொருளில் பிழைச்செய்தி வரும். மதிப்பு வந்துதான் இருக்கும். அதை வேறு பெயரில் கூப்பிட்டிருப்பார்கள், அவ்வளவே.

இத்தொழில்நுட்பத்தோடு மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட துணைக்கருவித் தொகுப்பில், ஒன்றன் தேர்வு மற்றொன்றை நிரப்பும் தொடர்பட்டியலுக்கென்றே ஒரு கருவி இருந்தது. அதன் விளக்கக் குறிப்பு ஒரு நிபந்தனை விதித்தது. வழங்கிச் செயற்கூற்றுக்கு எப்பெயரும் இடலாம். ஆனால் அதன் இரண்டு அளவுருக்களின் பெயர்களும் வகையும், பெரிய எழுத்து சிறிய எழுத்து உட்பட, குறிப்பில் உள்ளபடியே இருக்கவேண்டும். முன்பு தேர்ந்தவை அனைத்தும் அரைப்புள்ளிகளால் பிரிக்கப்பட்ட ஒற்றைச் சரமாக முதல் அளவுருவில் வரும். எடுத்துக்காட்டாகக் குறிப்பு காட்டியது கார் நிறுவனம், கார் வகை, நிறம் ஆகிய மூன்றை. தமிழ்நாட்டில் அதைக் கற்ற மாணவர் ஒருவருக்கு மாவட்டம், வட்டம், கிராமம் என்பது அதைவிட எளிதில் விளங்கியிருக்கும்.

ஜேகுவெரி நூலகம் 2006இல் வெளியானபின் வேறொரு வழுக்கல் பரவலாயிற்று. அதில் அளவுருக்களைப் பொருளாகக் கொடுத்தால், நூலகம் அதைப் பழைய படிவச் சரமாக மாற்றி அனுப்பிவிடும். ஜேசானை எதிர்பார்த்திருந்த வெப்மெத்தட், ‘செல்லாத ஜேசான் மதிப்பு’ என்று சொல்லித் திருப்பும். அனுப்பும் முன் நிரலாளரே ஜேசான் சரமாக மாற்றி, உள்ளடக்க வகையையும் ஜேசான் என்று அறிவிக்கவேண்டும். அந்த மாற்றத்துக்கான செயற்கூறு 2009 டிசம்பரில் வெளியான ஐந்தாம் எக்மாஸ்கிரிப்ட் பதிப்பில்தான் மொழியின் அங்கமாயிற்று. ஒரு பத்தாண்டுக்காலம் நிரலாளர் பலர் தடுக்கி விழுந்த படி இது.

இவ்வகைச் சேவைகள் இயல்பாகக் கெட் கோரிக்கைகளை மறுத்ததற்கும் காரணம் உண்டு. வேறொரு தளத்தின் பக்கம், பயனரின் நுழைவு அடையாளத்தைப் பயன்படுத்திச் சேவையின் விடையை நிரல்கோப்பு போல் இழுத்துக்கொள்ளும் அபாயம் 2006 அளவில் வெளிப்பட்டிருந்தது. போஸ்ட் முறையும் ஜேசான் வகை அறிவிப்பும் கட்டாயமானதால் அவ்வழி அடைபட்டது.

தமிழ் எழுத்துகள் செல்லும் வழி

மேற்சொன்னவை எல்லா மொழிக்கும் பொது. தமிழுக்குத் தனியாக ஒரு தொல்லை இருந்தது. முகவரிச் சரத்தில் ஆங்கில எழுத்து, எண், சில குறிகள் மட்டுமே அப்படியே செல்லும். மற்றவை விழுக்காட்டுக் குறியும் இரண்டு பதினாறடி இலக்கமுமாக மாறிச் செல்லவேண்டும்.

1990களில் தமிழ்த் தளங்கள் தத்தம் எழுத்துருக் குறியேற்றத்தில் இயங்கின. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டின் தொடர்ச்சியாகத் தமிழ்நாடு அரசு டாம், டாப் குறியேற்றங்களை ஏற்றது. உலகத் தமிழரிடையே திஸ்கி புழங்கியது. இவை எட்டு பிட் குறியேற்றங்கள். வழங்கிக்கு வந்து சேரும் பைட்டுகளில் எது எந்தக் குறியேற்றம் என்று சொல்லும் அடையாளம் எதுவும் இல்லை. திஸ்கியில் நெல்லிவாசல்நாடு என்று எழுதினால் முதல் பைட் கொம்பு, அடுத்துதான் நகரம். கண்ணுக்குத் தெரியும் வரிசை அது. ஒருங்குறியில் நகரம் முதலில், கொம்பு பின்னால். ஒரு பக்கம் திஸ்கியில் அனுப்பி, மறுபக்கம் தரவுத்தளம் வேறொன்றில் இருந்தால், திரையில் ஒன்றாகத் தோன்றும் இரண்டு பெயர்களும் வழங்கிக்கு அயலார்.

ஒருங்குறி வந்தபின்னும் உலாவி நிரலில் இரு வழிகள் இருந்தன. ஜாவாஸ்கிரிப்டின் பழைய ‘எஸ்கேப்’ செயற்கூறு, தமிழ்க் குறி ஒவ்வொன்றையும் முகவரித் தரம் ஏற்காத ஆறு எழுத்துத் தொடராக மாற்றியது. மைக்ரோசாஃப்டின் வழங்கி அதைப் புரிந்துகொண்டது; பிற வழங்கிகளுக்கு அது வெறும் குப்பை. 1999 டிசம்பரில் வந்த மூன்றாம் எக்மாஸ்கிரிப்ட் பதிப்பு இதற்கு மாற்றாக ‘என்கோட்யூஆர்ஐகாம்போனென்ட்’ என்னும் செயற்கூற்றைத் தந்தது. அது யூடிஎஃப்-8 பைட்டுகளாக்கி, ஒவ்வொரு பைட்டையும் விழுக்காட்டுக் குறியோடு எழுதும்.

கணக்கைப் பார்க்கலாம். நெல்லிவாசல்நாடு என்பதில் எழுத்துகள் எட்டு. உயிர்க்குறி, புள்ளி ஆகியவற்றைத் தனித்தனியே எண்ணும் ஒருங்குறியில் 15 குறிகள். யூடிஎஃப்-8இல் குறிக்கு மூன்று பைட் வீதம் 45 பைட். விழுக்காட்டு வடிவில் பைட்டுக்கு மூன்று எழுத்து வீதம் 135 எழுத்து. அதே பெயரை ஆங்கில எழுத்தில் எழுதினால் 14. இன்டர்நெட் எக்ஸ்புளோரரின் முகவரி நீள எல்லை 2083 எழுத்து. அதற்குள் இப்படிப்பட்ட தமிழ்ப்பெயர் பதினைந்துதான் அடங்கும். தமிழ் விக்கிப்பீடியாவின் இணைப்பை நகலெடுத்து ஒட்டியவர் கண்ட நீண்ட விழுக்காட்டுத் தொடரும் இதே கணக்கின் விளைவு. போஸ்ட் முறையில் ஜேசான் உடலாக அனுப்பினால் 45 பைட்டோடு முடிந்துவிடும். தமிழ் மதிப்புகளுக்கு அதுவே இலகுவான வழியாயிற்று.

2010 ஜூன் 23 அன்று, கோவையில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு தொடங்கிய நாளில், ஒருங்குறியையும் டேஸ்16 குறியேற்றத்தையும் தரமாக ஏற்கும் அரசாணையைத் தமிழ்நாடு அரசு வெளியிட்டது. குறியேற்றச் சண்டை அத்தோடு பெருமளவு ஓய்ந்தது. முழுவதும் அன்று. கொல்லிமலை என்பதன் ஒகரக் குறியை ஒருங்குறியில் ஒற்றைக் குறியாகவும் எழுதலாம், கொம்பும் காலுமாக இரு குறிகளாகவும் எழுதலாம். திரையில் வேறுபாடு இல்லை. வழங்கி இரண்டையும் ஒரே வடிவுக்குக் கொண்டுவந்தபின் ஒப்பிடாவிட்டால், கொல்லிமலை இரண்டு ஊராகிவிடும்.

பெயரும் குறியெண்ணும்

குறியேற்றம் சரியானாலும் பெயர் நம்பத்தக்க திறவுகோல் அன்று. நெல்லிவாசல்நாடு சேர்த்தும் எழுதப்படுகிறது, நெல்லிவாசல் நாடு எனப் பிரித்தும் எழுதப்படுகிறது. பிரித்தெழுதினால் இடைவெளி படிவச் சரத்தில் கூட்டல் குறியாகிறது. புதிய செயற்கூற்றிலோ விழுக்காட்டுத் தொடராகிறது. மலையின் பெயரே ஜவ்வாது, சவ்வாது, ஜவாது எனப் பலவாறு வழங்குகிறது. ஆகவே பட்டியலில் பெயரைக் காட்டி, அளவுருவாகக் குறியெண்ணை அனுப்புவது வழக்கமாயிற்று. இந்தியா முழுதும் ஊராட்சிகளுக்கும் கிராமங்களுக்கும் எண் வழங்கும் உள்ளாட்சி அடைவு, துறைகளிடையே பொதுவான திறவுகோலாக நடுவண் அரசால் பேணப்படுகிறது.

குறியெண் எழுத்துச் சிக்கலைத் தீர்த்தது; நிருவாகச் சிக்கலைத் தீர்க்கவில்லை. திருப்பத்தூர் வட்டம் பிரித்தானியர் காலத்தில் சேலம் மாவட்டத்தில் இருந்தது. 1911இல் வட ஆற்காட்டுக்கு வந்தது. 1989இல் வட ஆற்காடு பிரிந்தபோது வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம் என்றாயிற்று. 1990களின் பிற்பகுதியில் அது வேலூர் எனப் பெயர் மாறியது. 2019 ஆகஸ்ட் 15இல் வேலூரை மூன்றாகப் பிரிக்கும் அறிவிப்பு வந்தது; நவம்பர் 28இல் திருப்பத்தூர் மாவட்டம் தொடங்கிவைக்கப்பட்டது. மலை அசையவில்லை. மாவட்டம் என்ற முதல் அளவுருவின் மதிப்பு மட்டும் மாறிக்கொண்டே வந்தது. மக்களவைத் தேர்தலுக்கோ இப்பகுதி திருவண்ணாமலைத் தொகுதியில் இருக்கிறது. ஆகவே ‘இவ்வூரின் மேல்நிலை எது’ என்ற கேள்விக்கு எந்தச் சேவை கேட்கிறது என்பதைப் பொறுத்தே விடை.

வேலூரின் எண்ணை நிரலுக்குள்ளேயே எழுதிவைத்த உலாவிப் பக்கம், பிரிவினைக்குப் பின் நெல்லிவாசல்நாட்டைத் தேடினால் வெற்றுப் பட்டியலையே பெறும். பிழைச்செய்தி கூட வராது. அளவுரு இலக்கண சுத்தமாக இருக்கிறது, பொருள்தான் காலாவதியாகிவிட்டது. தொடர்பட்டியல்களை ஒவ்வொரு முறையும் வழங்கியிடமிருந்தே பெறுவதன் பயன் இங்குதான் தெரிகிறது. வந்த கிராமம் உண்மையில் அந்த வட்டத்தைச் சேர்ந்ததா என்று வழங்கி மறுபடி சோதிப்பதும் இதனோடு சேர்ந்ததே. பட்டியலில் இல்லாத மதிப்பையும் உலாவியிலிருந்து எவரும் அனுப்ப முடியும். அப்படி அனுப்பும் சரத்தில் தரவுத்தளக் கட்டளையையே நுழைக்கலாம் என்பது 1998 முதல் பொதுவில் அறியப்பட்ட ஆபத்து.

மாவட்டப் பெயர் வெறும் முகவரியாக இல்லாமல் உரிமையாகவே நிற்கும் இடமும் உண்டு. பட்டியல் பழங்குடியினர் ஆணையைத் திருத்திய 1976ஆம் ஆண்டுச் சட்டம், தமிழ்நாட்டில் மலையாளி இனத்தாரைத் தருமபுரி, வட ஆற்காடு, புதுக்கோட்டை, சேலம், தென் ஆற்காடு, திருச்சிராப்பள்ளி மாவட்டங்களுக்கு உட்பட்டுப் பழங்குடியினராகக் குறித்தது. சாதிச் சான்றுக்கு இணையத்தில் விண்ணப்பிக்கும் நெல்லிவாசல்நாட்டு மாணவர் தேர்ந்தெடுப்பது திருப்பத்தூர். சட்டம் கேட்பது வட ஆற்காடு. இரண்டும் ஒன்றே என்று சொல்லும் பொருத்தப் பட்டியல் வழங்கியின் பக்கம் எங்கோ இருக்கவேண்டும், அல்லது அலுவலரின் தலைக்குள் இருக்கவேண்டும். அச்சட்டத்தின் மாவட்ட வரிசையில் கோயம்புத்தூர் இல்லை. 1979இல் கோயம்புத்தூரிலிருந்து ஈரோடு பிரிந்தபோது, அதனோடு சென்ற பர்கூர் மலையின் மலையாளிகளுக்கு எந்தப் பொருத்தப் பட்டியலும் உதவவில்லை. தங்களையும் பழங்குடியினராக ஏற்கவேண்டும் என்பது அவர்களின் நெடுநாள் கோரிக்கை.